பந்தின் பின்னே பத்தாயிரம் காலடி!
செட்டிபாளையம் காட்டில் ஒரு ரவுண்டு கோல்ஃப்... உடம்புக்கு என்ன லாபம்? பர்ஸுக்கு என்ன செலவு?

''நடங்க நடங்கன்னு சொல்றீங்க டாக்டர். நடக்கத்தான் பார்க்கறேன். நாலாம் நாளே சலிச்சுப் போகுதுங்களே!''

கோவைப் பக்கம் எந்த சர்க்கரை நோய் கிளினிக்கில் உட்கார்ந்தாலும் காதில் விழுகிற புலம்பல் இது. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் முதல் வாரம் உற்சாகமாக நாலு சுற்று. அடுத்த வாரம் இரண்டு. மூன்றாவது வாரம் பக்கத்துக் கடையில் காபி மட்டும்! நடப்பதற்குக் காரணம் ஒன்று இல்லாவிட்டால் கால் நகராது. இதுதான் மனுஷ சுபாவம்.

அந்தக் காரணத்தை ஒரு சின்ன வெள்ளைப் பந்து கொடுத்தால்?

கோல்ஃப் என்றதும், ''அடேங்கப்பா, அது மில் முதலாளிங்க ஆட்டமாச்சே!'' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். செலவு விஷயத்தை ஒளிக்காமல் பின்னால் பேசலாம். முதலில் உடம்பு விஷயத்தைப் பார்ப்போம். நாற்பது வயதுக்கு மேல் புதிதாகக் கற்றுக்கொண்டு எழுபது வரை ஆடக்கூடிய ஆட்டங்கள் ரொம்பக் குறைவு. அவற்றில் கோல்ஃப் முக்கியமானது.

ஆடு மேய்ந்த காட்டில் பிறந்த ஆட்டம்!

இன்றைக்கு இது கோட்டு சூட்டு ஆட்டமாகத் தெரிந்தாலும் பிறந்த இடம் அரண்மனை இல்லை. ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் உழவுக்கு உதவாத மணல் மேடுகளில், ஆடுகள் மேய்ந்து மேய்ந்து புல் கட்டையாகிப் போன தரைதான் அதன் தாய் வீடு. வில் வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு ஜனங்கள் இந்த ஆட்டத்திலேயே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று 1457-ல் அந்த நாட்டு அரசு தடையே போட்டது. அத்தனை ஜனரஞ்சகம்! உலகப் புகழ் பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் இன்றும் பொது மைதானம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் குழந்தை குட்டிகளோடு உலாவுகிறார்கள்.

நம் கொங்குச் சீமையில் இதற்கு உறவுக்கார நிலம் ஒன்று உண்டு. காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக விரிந்து கிடக்குமே, அந்தக் கொறங்காடுதான்! ஏர் பூட்ட முடியாத நிலத்தை மாடு, ஆடு மேயவிட்டுப் பயன்படுத்திக்கொண்ட புத்திசாலித்தனம் இரண்டு இடத்திலும் ஒன்றே. அங்கே மேய்ச்சல் காட்டில் குச்சியும் பந்தும் வந்தன. இங்கே நம் பையன்கள் கிட்டிப்புள் அடித்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தியாவுக்கு இந்த ஆட்டம் வந்து இருநூறு வருஷம் நெருங்குகிறது. கல்கத்தாவில் 1829-லேயே கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தோன்றியது. ஊட்டியிலும் வெல்லிங்டனிலும் ஜிம்கானா கிளப்களின் மைதானங்கள் இருக்கின்றன. அவையெல்லாம் குளிர்ப் பிரதேசம். வெயில் காயும் சமவெளியில் கோவைக்காரர்களுக்கு வாய்த்தது, செட்டிபாளையத்தில் இருக்கும் கோயமுத்தூர் கோல்ஃப் கிளப். போத்தனூர் தாண்டிப் போகிற பாதை. கார் பந்தயம் நடக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இதே செட்டிபாளையத்தில்தான். ஒரே ஊரில் ஒரு பக்கம் உலகத்தின் அவசர ஆட்டம், இன்னொரு பக்கம் உலகத்தின் நிதான ஆட்டம்!

18 குழி... நாலு மணி நேரம்!

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

செட்டிபாளையம் மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புறப்பாட்டு இடம் உண்டு. அங்கிருந்து குழி நூற்றுச் சொச்சம் கஜத்தில் இருக்கலாம். ஐந்நூறு கஜத்தையும் தாண்டி இருக்கலாம். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். பந்தின் எடை 46 கிராமுக்குள். தூரத்தைப் பொறுத்து ஒரு குழியை 3, 4 அல்லது 5 அடியில் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். அதற்கு 'பார்' என்று பெயர். 18 குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலான மைதானங்களில் 70 முதல் 72 வரை வரும். புதிதாக ஆடுகிறவர் நூற்றிருபது, நூற்று முப்பது அடித்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்த ஆட்டத்தில் எதிராளி நீங்களேதான்.

காலை ஆறு மணி. முதல் குழிக்கு முன்னால் நிற்கிறீர்கள். இடுப்பைத் திருப்பி வீசி ஒரு அடி. பந்து பறக்கிறது. அடிப்பதற்கு இரண்டு நொடிதான். பந்தைத் தேடிப் போக மூன்று நிமிஷம். மறுபடி ஒரு அடி, மறுபடி நடை. குழி நெருங்கியதும் பட்டர் என்ற குச்சியால் மெல்லத் தட்டி உருட்ட வேண்டும். பிறகு அடுத்த குழிக்கு நடை. மேடு, பள்ளம், மணல், புல் எல்லாவற்றிலும் கால் பதிகிறது.

இப்படி 18 குழி முடிய நாலு, நாலரை மணி நேரம் ஆகும். நேர்க்கோட்டிலேயே ஆறு கிலோமீட்டர் வரும். பந்து நேராகப் போனால்தானே! வலதும் இடதுமாகப் போய்ப் பொறுக்கினால் எட்டு, பத்து கிலோமீட்டர் தாராளமாக ஆகிவிடும். காலடிக் கணக்கில் 11 ஆயிரத்திலிருந்து 16 ஆயிரம் வரை. 70 கிலோ எடை உள்ளவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் 1,000 முதல் 1,200 கலோரி வரை செலவாகும்.

ஆக, ஆட்டத்தின் லாபமெல்லாம் நடையில்தான். பேட்டரி வண்டியில் ஏறிக் குழிக்குக் குழி சவாரி போனால் காலடிகள் பாதியாகக் குறைந்துவிடும். மூட்டு தேய்ந்தவர்கள், நடக்கவே முடியாதவர்கள் ஏறட்டும். மற்றவர்கள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

மருத்துவம் என்ன சொல்கிறது?

ஸ்வீடன் நாட்டில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அதே வயது, அதே பாலினம், அதே சமூக நிலையில் உள்ள மற்றவர்களைவிட இவர்களின் இறப்பு விகிதம் 40 சதவிகிதம் குறைவு. ஆயுள் கணக்கில் ஏறக்குறைய ஐந்து வருஷம் கூடுதல்!

''பணக்காரங்க, நல்லாச் சாப்பிடறாங்க, நல்லா இருக்காங்க'' என்று சொல்லிவிட முடியாது. உடலுழைப்புத் தொழிலாளர் குடும்பத்து ஆட்டக்காரர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள்தானே மைதானத்துக்கு வருவார்கள்? அதனால் ஐந்து வருஷமும் கோல்ஃப் கொடுத்த வரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2023-ல் ஃபின்லாந்தில் இன்னொரு ஆய்வு. 65 வயது தாண்டிய 25 பேர். ஒரு நாள் 18 குழி கோல்ஃப், ஒரு நாள் ஆறு கிலோமீட்டர் சாதாரண நடை, ஒரு நாள் இரு கையிலும் கோல் ஊன்றி அதே தூரம். மூன்றுமே நல்லது செய்தன. சர்க்கரையிலும் கொழுப்பிலும் கோல்ஃப் ஒரு படி மேலே நின்றது. காரணம் மந்திரம் இல்லை. நிதானமாக, ரொம்ப நேரம் நடந்ததுதான்.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ரவுண்டு கோல்ஃப் 240 நிமிஷம்! அதற்காக ஞாயிறு ஆடிவிட்டு மற்ற ஆறு நாளும் சோபாவில் சாய்ந்துவிடக் கூடாது. தினசரி அரை மணி நடை தொடரட்டும்.

மனசுக்கும் மருந்து உண்டு. நாலு மணி நேரம் செல்போன் பேச்சு இல்லை, டி.வி. சீரியல் இல்லை. நாலு பேர் சேர்ந்து, பேசிக்கொண்டே, பச்சையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறீர்கள். இந்தப் பக்கத்துக் காடு கரைகளில் மயிலுக்கா பஞ்சம்? ரிட்டயர் ஆன பிறகு, ''பேச ஆளில்லைங்க'' என்று வாடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

இடுப்பு: கோல்ஃபில் அதிகம் அடிபடுவது கீழ் முதுகுதான். வண்டியிலிருந்து இறங்கியதும் குச்சியை எடுத்து வீசாதீர்கள். பத்து நிமிஷம் வேகமாக நடந்து, தோளையும் இடுப்பையும் மெதுவாகச் சுழற்றிய பிறகு ஆரம்பிக்க வேண்டும். டிஸ்க் விலகல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பந்தைக் குனிந்து எடுக்கும்போது முழங்காலை மடக்குங்கள்.

முழங்கை: முழங்கையின் உள்பக்கம் சுளீர் என்று வலிப்பதற்குப் பெயரே 'கோல்ஃபர்ஸ் எல்போ'! குச்சியை இறுக்கிப் பிடிப்பதும், முதல் நாளே இருநூறு பந்து அடிப்பதும் காரணம். கோழிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரி பிடிக்க வேண்டும். நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது.

இதயம்: மாரடைப்பு வந்தவர்கள், ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் டாக்டரின் அனுமதியோடு ஒன்பது குழியில் தொடங்கலாம். ஆட்டத்தின் நடுவே நெஞ்சில் பாரம், மூச்சு வாங்கல், இடது கை வலி வந்தால், ''இந்தக் குழியை முடிச்சுடறேன்'' என்கிற பேச்சே கூடாது. உட்கார்ந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை: இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நாலு மணி நேரம் நடந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, தலை கிறுகிறுப்பு தெரிந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். அது எப்போதும் பையில் இருக்கட்டும். கூட ஆடுபவர்களிடமும் சொல்லி வையுங்கள். காலில் மரமரப்பு உள்ளவர்கள் வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுவ வேண்டும்.

காடு காடுதான்!

எத்தனை அழகாகப் புல் வெட்டியிருந்தாலும் ஓரத்தில் இருப்பது புதர். கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் நம் மண்ணின் பழைய குடிகள். புதருக்குள் போன பந்துக்குக் கை விடவே கூடாது. குச்சியால் தட்டிப் பாருங்கள். தெரியவில்லையா, விட்டுவிடுங்கள். தேடுவதற்கு விதிப்படியே மூன்று நிமிஷம்தான் (2019-க்கு முன் ஐந்தாக இருந்தது). ஒரு அடி அபராதம் போனால் போகட்டும், கை போகக் கூடாது!

கடித்துவிட்டால் ஓடாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். விஷமுறிவு மருந்து ஒன்றுதான் வைத்தியம்.

அடுத்தது இடி. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் திடீரென்று கறுத்துக்கொண்டு வரும். திறந்த வெளியில் கையில் இரும்புக் குச்சியோடு நிற்பது வம்பு. இடிச் சத்தம் கேட்ட உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே வரலாம்.

வெயிலுக்கு ஒரே வழி, விடியலில் ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடிப்பது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெப்பத்தைக் குறைக்கும், கூடவே பந்தையும் தள்ளிக்கொண்டு போகும். காற்றோடு மல்லுக்கு நின்று ஓங்கி அடித்தால் இடுப்புதான் பிடிக்கும். பொறுமையாக அடியுங்கள்.

சரி, செலவு?

இதுதான் நடுத்தரக் குடும்பத்தின் கேள்வி. உண்மையைச் சொல்லிவிடுவோம். நம் நாட்டில் கோல்ஃப் பெரும்பாலும் கிளப் ஆட்டம். உறுப்பினர் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்தில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளாட்சிகளே நடத்தும் மைதானங்களில் சாதாரண ஜனங்கள் டிக்கெட் வாங்கி ஆடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நகரத்து ஓரப் புதர்க்காட்டில், கங்காரு மேயும் பக்கத்திலேயே ஆட்டம் நடக்கும்! நம் ஊரில் அப்படி ஒரு முயற்சியாக டெல்லி வளர்ச்சி ஆணையம் குதுப் மினார் பக்கம் லாடோ சராயில் 2000-ல் பொது மைதானம் திறந்தது. தொழில் நகரமான கோவைக்கும் அப்படி ஒன்று வந்தால் எத்தனை பேர் நடப்பார்கள்!

''பச்சைப் புல்லுக்குத் தண்ணிக்கு எங்கே போறதுங்க?'' என்று கேட்பது நியாயம்தான். நம் நாட்டின் பல வறண்ட மைதானங்களில் குழியைச் சுற்றிப் புல்லே கிடையாது. மணலில் எண்ணெய் கலந்து, உருட்டிச் சமன் செய்து, அதன் மேல்தான் பந்தை உருட்டுவார்கள். பெயரும் 'கிரீன்' இல்லை, 'பிரௌன்'! கொறங்காட்டு மண்ணுக்குப் பொருத்தமான யோசனை.

அதுவரை? சிக்கனமாக ஆடவும் வழிகள் இருக்கின்றன.

* எடுத்த எடுப்பில் உறுப்பினராக வேண்டாம். விருந்தினராகவோ, அன்றைய கட்டணம் கட்டியோ ஆட அனுமதிக்கும் கிளப்கள் உண்டு. போன் செய்து விதிமுறை, கட்டணம், உடைக் கட்டுப்பாடு மூன்றையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கோடை லீவில் மலைக்குப் போகும்போதும் கேட்டுப் பார்க்கலாம்.

* முதலில் பயிற்சித் திடலில் பயிற்சியாளரிடம் நாலைந்து வகுப்பு. தப்பான வீச்சு பழகிவிட்டால் பிறகு பிசியோதெரபிக்குத்தான் செலவு.

* பையில் அதிகபட்சம் 14 குச்சி வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை! ஆறேழு குச்சி உள்ள பழைய அரை செட் ஆரம்பத்துக்குப் போதும். முதுகுக்கும் பாரம் குறைவு.

* புதுப் பந்து வேண்டாம். கண்டெடுத்த பழைய பந்துகள் மலிவாகக் கிடைக்கும். தொலைந்தாலும் மனசு வலிக்காது.

* முழு ரவுண்டுக்குப் பதில் ஒன்பது குழி. இரண்டு மணி நேரத்தில் முடியும். மனைவியின் கோபமும் மிச்சம்!

செலவுக் கணக்கில் மறக்கக் கூடாத ஆள் கேடி. (தப்பாக நினைக்காதீர்கள்... பையைச் சுமந்து, பந்தைப் பார்த்துச் சொல்லி, கூடவே நடக்கிறவருக்கு அதுதான் பெயர்!) ''சார், காத்து அடிக்குதுங்க, ஒரு குச்சி பெரிசா எடுங்க'' என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மைதானத்தைப் பற்றி உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தியன் ஓப்பன் போட்டியை 1991-ல் ஜெயித்த அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் ஜெயித்த முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். கூலியில் பேரம் பேசாமல், மரியாதையாகக் கொடுங்கள்.

அம்மாவும் வரலாம், அப்புச்சியும் வரலாம்!

டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தபோது பெங்களூருப் பெண் அதிதி அசோக் நாலாவது இடம் பிடித்தார். மயிரிழையில் பதக்கம் தவறியது. அந்த நாலு நாளும் பையைச் சுமந்து கூட நடந்தவர் அவருடைய அம்மா! பலம் கூடியவர், குறைந்தவர் என்ற வித்தியாசத்தைச் சரிக்கட்ட இந்த ஆட்டத்தில் 'ஹேண்டிகேப்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதனால் அறுபது வயது அப்புச்சியும் பதினைந்து வயதுப் பேத்தியும் ஒரே போட்டியில் சமமாக மோதலாம். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு பலவீனமாகும் பெண்களுக்கு, உடம்பின் எடையைத் தாங்கி நடக்கும் நடை ரொம்ப அவசியம். ''எனக்கெதுக்குங்க இதெல்லாம்?'' என்று சொல்லும் அம்மணிகளையும் கையோடு கூட்டிப் போங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஒன்றரை லிட்டர் தண்ணீர். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் (இதய, சிறுநீரக நோயாளிகள் அளவையும் உப்பையும் டாக்டரிடம் கேட்கவும்). இரண்டு வாழைப்பழம் அல்லது வேகவைத்த வேர்க்கடலை ஒரு கை. குளுக்கோஸ் பாக்கெட். அகல விளிம்புத் தொப்பி. முழுக்கை பருத்திச் சட்டை. ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ, தடித்த காலுறை. பிளாஸ்திரி. அவசியமான மாத்திரைகள். முடித்த கையோடு கிளப்பில் உட்கார்ந்து பஜ்ஜி, பீர் என்று இறங்கினால் நடந்து கரைத்ததெல்லாம் திரும்பி வந்துவிடும்.

முன்னால் ஆட்கள் நடந்துகொண்டிருக்கும்போது அடிக்கவே கூடாது. பந்து தவறி யார் பக்கமாவது போனால், 'ஃபோர்!' என்று உரக்கக் கத்த வேண்டும். அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்தால் நிமிர்ந்து பார்க்காதீர்கள். தலையைக் கையால் மூடிக்கொண்டு குனியுங்கள்.

எல்லாம் சரி, கிளப் வாசலே எட்டாது என்கிறீர்களா? கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூட்டு, கரடுமுரடான மண் பாதை, நிதானமான நடை, போய்ச் சேர ஒரு இலக்கு. மருதமலைப் படியாகட்டும், பேரூர்ப் பக்கத்துக் குளக்கரையாகட்டும், சொந்தக் காட்டின் வரப்பாகட்டும். இலக்கை மட்டும் வாரா வாரம் மாற்றிக்கொண்டே இருங்கள், சலிப்பு வராது. குழியில் பந்து விழுகிறதோ இல்லையோ, உங்கள் சர்க்கரை அளவு இறங்கட்டும்!